பெயர் சொல்லி நினைத்தல்



போரில் மாண்ட வீரர்க்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு யாது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள். உயிரைக் கொடுத்தவர்க்கு ஈடாகத் தருவதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை. ஆயினும் நம் முன்னோர் தம்மால் இயன்ற ஒன்றைச் செய்தனர். வீழ்ந்தவனுக்குக் கல் நட்டனர்; அக்கல்லில் அவன் பெயரைப் பொறித்தனர்.

தக்க கல்லைத் தேர்வது, அதனை நீராட்டுவது, நடுவது, வாழ்த்துவது என இவ்வழக்கத்தின் படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்களுள் ஒன்று, ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவன் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் தாங்கி நிற்கின்றது. பட்டமும் இல்லை, புகழுரையும் இல்லை; பெயர் இருக்கின்றது.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று உள்ளது. தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுக்கப்பட்டது அது. கள்ளரைக் கடித்துத் தலைவனுக்குக் காவலிருந்த அவனுடைய நாயின் உருவமும் அக்கல்லில் உண்டு. அந்நாயின் பெயர் கோவிவன் என்பதையும் அவ்வூரார் மறவாது பொறித்துள்ளனர். உடன் நின்ற நாய்க்கும் பெயர் உண்டு என்று கருதிய நெஞ்சே நன்றியுள்ள நெஞ்சு.

இனி, நாம் வாழும் இம்மண்ணுக்கு வருவோம். 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அப்போரில் மாண்டவர்களை நினைவுகூரும் இடம் கிராஞ்சி. அங்குள்ள கல்லறைகளில் 4,400க்கும் மேற்பட்டோர் துயில்கின்றனர். அவருள் 850க்கும் மேற்பட்டோர் இன்னார் என அடையாளம் காணப்படாதவர். குன்றின் உச்சியில் 1957ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்தின் தூண்களில், கல்லறையே அறியப்படாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் உள்ளன. அதன் பின்புறம் தனியே ஒரு நினைவிடம் உண்டு. தம் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 வீரர்க்கு உரியது அது. அவருள் மிகப் பெரும்பாலோர் இந்தியப் படையினர். பஞ்சாபிலும் கடுவாலிலும் பிறந்து, மலாயாக் காடுகளில் மடிந்தவர் பலர். அவர்தம் ஊர்ப் பெயர்கள் நம் நாவுக்குப் பழக்கமில்லாதவை. ஆயினும் அவர்கள் நின்று போரிட்ட மண்ணில்தான் இன்று நம் பள்ளிகள் நிற்கின்றன.

மாண்ட ஒவ்வொருவரும் பெயரால் நினைக்கப்பட வேண்டும். பதவி, இனம், சமயம் பற்றிய வேறுபாடு கூடாது. 1917ஆம் ஆண்டு தோன்றிய போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை இது. கொள்கை உயர்ந்தது, நடப்பு அவ்வாறு அமையவில்லை. முதல் உலகப் போரில் மாண்ட ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரே பெரும்பான்மையாகக் குறைந்தது 116,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாது விடப்பட்டனர் என்பதை 2021ஆம் ஆண்டு அவ்வாணையத்தின் அறிக்கையே வெளிப்படுத்தியது. ஆணையம் மன்னிப்பும் கோரியது. இந்திய வீரர் பலரும் சமமாக நினைவுகூரப்படவில்லை. நன்றி மறத்தல் என்பது பகைவர் செய்வதன்று. தம் பக்கத்தார் செய்வதே என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

நன்றியுடன் பரிவும் வேண்டும். இந்தியப் படையில் ஒருவர் தாம் எடுத்த உறுதிமொழியைக் காத்து மாண்டார். மற்றொருவர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, தாயக விடுதலைக்காக உயிர் நீத்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழரும் அப்படையில் பலர். அவர்களுக்காகச் சிங்கப்பூர் எஸ்பிளனேடில் 1945 ஜூலை 8ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்ட நினைவுச் சின்னம், பிரித்தானியர் திரும்பியதும் தகர்க்கப்பட்டது. அது நின்ற இடத்தை 1995ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அடையாளக் கல் இன்று காட்டுகின்றது. இருவருள் எவர் செய்தது சரி என்னும் வழக்கை வரலாற்று வகுப்பில் நாம் தொடரலாம். ஆனால் இருவர் வீட்டிலும் ஒரு தாய் வாசலை நோக்கிக் காத்திருந்தாள். அத்தாயின் முன் அவ்வழக்கு செல்லாது. ஒருவர்க்காக வருந்துவதால் மற்றவர்க்குச் செலுத்தும் மதிப்புக் குறைந்துவிடுவதுமில்லை.

மாண்டவரைப் போற்றுவது போரைப் போற்றுவதாகாது. இழந்தது இன்னது என்று அறிந்தவரே போரை எளிதில் விரும்பார். தொகையாகச் சொல்லும்போது இழப்பு நம்மைத் தொடுவதில்லை. இருபத்து நான்காயிரம் என்பது ஓர் எண். அதில் ஒரு பெயரை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் ஒரு மனிதன் நம்முன் நிற்கின்றான்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவரைக் கிராஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கால், ஒவ்வொருவரையும் ஒரு பெயரையேனும் தேர்ந்தெடுத்து எழுதிவரச் சொல்வோம். கல்லறையாயின் வீரன் மாண்ட வயதும் பெரும்பாலும் அதில் இருக்கும். அவ்வயது தம் அண்ணன் வயதாக இருப்பதை மாணவர் பலர் காண்பர். அந்த ஒரு பெயரைக் குறித்துத் தமிழில் பத்து வரி எழுதட்டும். அவர் பேசிய மொழி வேறாக இருக்கலாம். நாம் நன்றி சொல்லும் மொழி தமிழாக இருப்பதில் குறையொன்றுமில்லை. கல் நடும் வேலையை நம் முன்னோர் செய்தனர். நட்ட கல்லின்முன் நின்று படிக்கும் வேலை நம்முடையது.