பட்டை வெட்டும் அளவுகோல்
(மகளிர் தையற் பயிற்சி நிறைவு நாளில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

சகோதரிகளே,

ஒட்டுத்துணிப் போர்வைத் தொழிலைக் கூட்டாகத் தொடங்க முன்வந்துள்ளீர்கள். இதில் ஊதியத்தைக் காப்பது பட்டையின் அகலமே. ஒவ்வொரு பட்டையிலும் 1/16 அங்குலம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. 16 பட்டைகளை இணைத்ததும் ஓர் அங்குலமாகிவிடும். அப்போர்வையை யார் வாங்குவர்?

ஆகவே, பிளவுகளுள்ள அக்ரிலிக் அளவுகோலைப் பொதுப் பணத்தில் வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள்.

முதலாவது, பிளவுகள் அரை அங்குலத்திற்கு ஒன்றாக இருத்தல் வேண்டும். தைத்தபின் 2 அங்குலம் வேண்டுமாயின், இருபுறமும் தையலுக்குக் கால் அங்குலம் சேர்த்து 2½ அங்குலமாக வெட்ட வேண்டுமன்றோ? இரண்டாவது, 44 அங்குல அகலத் துணியை நான்காக மடித்தால் 11 அங்குலம்; பிளவு அதனினும் நீளமாயிருத்தல் வேண்டும். மூன்றாவது, உருள் கத்தியின் அலகு பிளவினுள் தடையின்றி ஓட வேண்டும், ஆனால் ஆடலாகாது. கத்தியைக் கொண்டுசென்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள்.

கோலை மடிப்புக்குச் செங்குத்தாக வைக்காவிடில் பட்டை மடிப்பிடத்தில் கோணிவிடும். முதற் பிளவில் ஓரத்தை நேராக்கிய பின்னரே மற்றவற்றை வெட்டுங்கள். கத்தியை உடலுக்கு எதிர்ப்புறமாகவே தள்ளுங்கள். வெட்டியதும் அலகை மூடிவையுங்கள்.

அனைவரும் ஒரே கோலைப் பயன்படுத்துங்கள். அப்பொழுதுதான் பத்துப் பேர் வெட்டிய பட்டைகளும் ஒன்றோடொன்று பொருந்தும். உங்கள் தொழில் வளர்க!