புல்லு மெஷினும் முழுப் பேரும்

(தோட்டக் கமிட்டி இளைஞர்களுக்கான ஞாயிறு வகுப்பில் ஆற்றிய உரை)



டீச்சர் எதற்கு மெஷினைப் பற்றிப் பேச வந்திருக்கிறா என்று பின் வாங்கில் இருப்பவர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. புல்லு வெட்டுகிற மெஷினோடு வருகிற புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறது. அதை வாசித்துச் சொல்லுங்கள் என்று போன வருடம் உங்களில் நான்கு பேர் வந்தீர்கள். வாசித்தேன். விளங்காத இடங்களை மெக்கானிக் பாஸ் ஒருவர் கழற்றிக் காட்டினார். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அதோடு சேர்த்துச் சங்கத்தின் கோரிக்கை ஒன்றும் இருக்கிறது.

ஒரு காலத்தில் சுரண்டிதான். பிறகு மருந்து வந்தது. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப விட்டார்கள். இடையில் தோளில் ஏறிய மெஷின் எங்கள் பக்கத்து மலைகளில் இன்னும் இறங்கவில்லை.

இந்த மெஷினின் எஞ்சினுக்கு ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெற்றோலில் கலந்து போகிற ஒயில்தான் உள்ளே பிஸ்டனுக்கு வழுக்கல் கொடுக்கிறது. ஆகவே கலவை பிழைத்தால் எஞ்சின் பிழைக்காது. ஒயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். கூடினால் புகை, பிளக்கில் கரி. சில மெஷினுக்கு 50க்கு 1, சிலதுக்கு 25க்கு 1. ஐந்து லீற்றர் கேனுக்கு முதலாவது கணக்கில் 100 மில்லிலீற்றர், இரண்டாவதில் 200. இரண்டு மடங்கு வித்தியாசம்! "ரெண்டு மூடி ஊத்து" என்கிற கணக்கு இங்கே சரிவராது. உங்கள் மெஷினுக்கு எது என்று புத்தகத்தில் பார்த்து, கேனின் மேலேயே பெயின்டால் எழுதி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த கலவையை ஊற்ற வேண்டாம்.

எயார் பில்டரை நாள்தோறும் பார்க்க வேண்டும். ஸ்பொஞ்ச் பில்டர் என்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போடலாம். பிளக் முனை இளம் மண்ணிறமாக இருந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது. கறுப்பு என்றால் பில்டர் அடைப்பு அல்லது ஒயில் அதிகம். வெள்ளையாக வெளுத்திருந்தால் சூடு, உடனே நிறுத்துங்கள். பிளேட்டுக்கு மேலே இருக்கிற கியர் பெட்டிக்கு ஏறத்தாழ 25 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கிரீஸ்.

நீங்களாகத் திருக வேண்டிய ஆணி ஒன்றே ஒன்றுதான். கையை எடுத்து எஞ்சின் சும்மா ஓடும்போது பிளேட் சுற்றக் கூடாது. சுற்றினால் அந்த மெஷின் ஆளை வெட்டும். சும்மா ஓடும் வேகத்துக்கான ஆணியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அதற்கும் நிற்கவில்லையா, கிளச் பழுது, ஸ்டோரில் ஒப்படையுங்கள். காபரேட்டரின் மற்ற ஆணிகளைத் தொட வேண்டாம், அது பாஸ் வேலை.

பிளேட்டைத் தொடுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, பிளக் தொப்பியையும் கழற்றுங்கள். பெரும்பாலான மெஷின்களில் பிளேட் நட் மறுபக்கம் திரும்பும். வழமைபோலத் திருகினால் இறுகுவதற்குப் பதிலாகக் கழன்றுவிடும். கீறல் விழுந்த பிளேட்டை ஒட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஒட்டிய துண்டு தெறித்தால் அது எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் 15 மீற்றருக்குள் எவரும் நிற்கக் கூடாது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. கொழுந்து எடுக்கிற அக்காமார் பக்கத்து நிரையில் நிற்கும்போது அங்கே வெட்டச் சொன்னால், முடியாது என்று சொல்லுங்கள்.

காவல் தகடு விடயம் முக்கியம். ஈரப்புல் சிக்குகிறது என்று கழற்றிவிடுகிறீர்கள். எனக்கும் விளங்குகிறது, கொந்தரப்பில் வெட்டும்போது நின்று நின்று புல் எடுக்க யாருக்கு நேரம்? ஆனால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. கொடுக்கப்பட்ட பாதுகாப்புக் கருவியைத் தொழிலாளி வேண்டுமென்றே கழற்றியதால் காயம் என்றால், மரணம் அல்லாத காயங்களில், நட்டஈட்டை மறுக்க முதலாளிக்கு இடமுண்டு. தகடு உங்கள் காலையும் காப்பாற்றுகிறது, உங்கள் வழக்கையும் காப்பாற்றுகிறது. தகடு இல்லாமலே மெஷினைத் தந்தால் கதை வேறு. அதை அன்றைக்கே தலைவரிடம் சொல்லி எழுத்தில் போட வேண்டும்.

கை நடுக்கத்தையும் இரகசியமாக வைத்திருக்காதீர்கள். குளிர் காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப் போகிறது என்றால் அது பனியால் மட்டும் அல்ல. மெஷினின் அதிர்வு இரத்த ஓட்டத்தையும் நரம்பையும் பாதிக்கும். பிளேட் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அதிர்வு கூடும். அரம் போடும்போது எல்லாப் பற்களையும் ஒரே அளவாகப் போடுங்கள். பட்டியை உடம்புக்கு ஏற்ற மாதிரி இழுத்துக் கட்டுங்கள். பாரம் தோளில்தான் தொங்க வேண்டும், கையில் அல்ல.

இனிக் கோரிக்கைக்கு வருகிறேன். பில்டர் கழுவ, அரம் போட, கிரீஸ் அடிக்க, கலவை அளக்க எப்படியும் அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணிக்கு யார் பேர் போடுகிறார்கள்? பெரட்டில் மெஷினைத் தந்ததும் மலைக்கு விரட்டுகிறார்கள். கொந்தரப்பில் என்றால் வெட்டிய பரப்புக்கு மட்டும்தான் காசு. பிறகு எஞ்சின் இறுகினால் "பையன்கள் கவனமில்லை" என்று சம்பளத்தில் பிடிக்கப் பார்க்கிறார்கள். பராமரிப்பும் வேலைதான். எட்டு மணித்தியாலத்துக்குள் அது அடங்க வேண்டும், அந்த நாளுக்கு முழுப் பேர் விழ வேண்டும். கண்ணாடி, காது மூடி, கையுறை, சப்பாத்து தோட்டச் செலவில் வர வேண்டும்.

இதைத் துரையிடம் கேட்கும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். ஆளுக்கு ஒரு கொப்பி கொண்டு வந்திருக்கிறேன். திகதி, மெஷின் இலக்கம், எத்தனை மணித்தியாலம் ஓடியது, என்ன பழுது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார். எழுத்துப் பிழை வந்தாலும் பரவாயில்லை, நான் சிவப்புப் பேனை கொண்டு வர மாட்டேன். அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு எல்லாக் கொப்பியும் வர வேண்டும்.

வெளியே இரண்டு மெஷின்கள் இருக்கின்றன. வாருங்கள், முதலில் பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்போம்.