பெயரும் ஓர் அமானிதம்





வெளிநாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் ஜகாத், ஸதகா அனுப்புவதற்கு முன் இணையத்தில்தான் ஜமாஅத்தின் பெயரைத் தேடுகிறார்கள். அந்தப் பெயரில் வேறு யாராவது இணைய முகவரி வாங்கிவிட்டால், ஏழைக்குச் சேர வேண்டிய பணம் திசைமாறிப் போகலாம். அப்போது, "இது தலைமுறை தலைமுறையாக எங்கள் பெயர்" என்று சொன்னால் மட்டும் போதுமா?

இதே கேள்வி உலக அளவில் எழுந்தது. இணைய முகவரிகள் '.காம்', '.இன்' என்று முடிகின்றன அல்லவா? அதுபோல '.இஸ்லாம்', '.ஹலால்' என்ற முடிவுகளைத் தன் நிர்வாகத்தில் வைத்துக்கொள்ள, 2012-இல் துருக்கி நிறுவனம் ஒன்று ஐகான் அமைப்பிடம் விண்ணப்பித்தது. ஒரு சமுதாயம் முழுவதற்கும் உரிய சொல்லை ஒரு நிறுவனம் எப்படி வைத்துக்கொள்ளலாம் என்று ஐக்கிய அரபு அமீரகம் முறையிட்டது. 2013-இல் அந்த முறையீடு தள்ளுபடியானது. சமுதாயத்தின் எதிர்ப்பும், நேரக்கூடிய பாதிப்பும் போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம்.

அதன்பின் 57 நாடுகளைக் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு ஒரே குரலில் எதிர்த்தது. ஐகான் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது. நிறுவனம் மேல்விசாரணை கேட்டது. ஐகான் வெளிப்படையாக நடக்கவில்லை என்று 2017-இல் விசாரணைக் குழு கண்டித்தது. இறுதியில், 2018 அக்டோபரில், இரண்டு விண்ணப்பங்களையும் ஐகான் நிராகரித்தது.

நம் மரக்காணம் உப்பளத்தையே பாருங்கள். எந்தப் பாத்தி யாருடையது என்று ஊரே அறியும். ஆனாலும் தகராறு என்று வந்தால், அதிகாரி குத்தகைப் பத்திரத்தைத்தான் கேட்பார். வழக்கம் உண்மைதான்; அதற்கும் சாட்சி வேண்டும்.

'.இன்' முகவரி பற்றிய புகாரை நிக்சி அமைப்பின் நடுவர் விசாரிக்கிறார். மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: அந்தப் பெயரில் நமக்கு உரிமை உண்டு, எதிராளிக்கு நியாயமான உரிமை இல்லை, அவர் கெட்ட எண்ணத்தோடு அதைப் பதிவு செய்தார் அல்லது பயன்படுத்துகிறார். நிரூபித்தால் முகவரி நம்மிடம் மாற்றப்படலாம். "எங்கள் வழக்கம்" என்ற சொல் முதல் விஷயத்திற்கு உதவும். ஆனால் அதற்கு உயிர் கொடுப்பவை அறக்கட்டளைப் பத்திரம், வக்ஃபு பதிவு, பழைய தீர்மானப் புத்தகம், ரசீதுகள் ஆகியவையே.

ஆகவே இவற்றைச் செய்வோம். பழைய ஆவணங்களைக் கரையானுக்குக் கொடுக்காமல் பத்திரப்படுத்துவோம். இணைய முகவரியைத் தனி ஒருவர் பெயரில் வாங்காமல் அறக்கட்டளை பெயரிலேயே வாங்குவோம். கடவுச்சொல் இரண்டு பொறுப்பாளர்களிடம் இருக்கட்டும். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கணக்குப் புத்தகத்திலேயே எழுதி வைப்போம். பணம் அனுப்பும் பிள்ளைகள், முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, ஜமாஅத்திற்குப் போன் செய்து கேட்டுவிட்டு அனுப்பட்டும்.

வக்ஃபு சொத்துக்கு முத்தவல்லி காவலரே தவிர உரிமையாளர் அல்லர். நம் பெயருக்கும் நாம் அப்படித்தான். அந்த அமானிதத்தைப் பேண அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.