திருச்சியிலிருந்து பலாலிக்கு

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கம் சென்னையா, யாழ்ப்பாணமா? யோசிக்காமல் சென்னை என்போம். வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டு அளந்து பாருங்கள். மீனம்பாக்கம் 290 கிலோமீட்டர் சொச்சம். யாழ்ப்பாணத்துப் பலாலியோ 180 சொச்சம்தான். பட்டுக்கோட்டைக்குச் சற்றுத் தெற்கே போகும் அந்தக் கோடு, அதிராம்பட்டினம் பக்கம் கரையை விட்டு, பாக் நீரிணையைத் தாண்டி யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியைத் தொடுகிறது. ஏறக்குறைய பாதி வழி கடல்.

இந்த வழியில் பறப்பது ஏடிஆர் 72. எழுபது பேருக்குச் சற்று மேல் ஏற்றிக்கொள்ளும், இறக்கையில் விசிறி சுழலும் விமானம். நல்ல வேகம் பிடித்தால் மணிக்கு 500 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் இருபத்திரண்டு நிமிடத்தில் பலாலி வந்துவிட வேண்டும். டிக்கெட்டிலோ ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. மிச்ச நேரம் எங்கே போகிறது?

நிறுத்துமிடத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையை எடுக்கும்போதே விமானக் கம்பெனியின் கணக்கு தொடங்கிவிடுகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போதுதான் முடிகிறது. நடுவே ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும், முறை வரும்வரை நிற்க வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. இத்தனை குறுகிய தூரத்தில் ஏறி முடித்ததுமே இறங்கத் தொடங்க வேண்டியதுதான். காற்றின் திசையைப் பார்த்து ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்று முடிவாகும். அதற்காக ஒரு சுற்றுக்கூட வர நேரலாம். சிங்கப்பூர் போகிறவருக்கு இந்த அரை மணி உறைக்காது. பலாலிக்குப் போகிறவருக்கு அதுதான் பயணத்தின் பெரும்பகுதி.

இதுகூடப் பெரிதில்லை. பலாலி வழியே பறப்பதே பல வருஷம் முடியாமல் இருந்ததுதான் பெரிது. இலங்கையின் ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதல் விமானத்தை விட்டபோது, அது கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. காங்கேசன்துறை என்றது இந்தப் பலாலியைத்தான். பின்னால் போர் வந்தது. பலாலி ராணுவத் தளமானது, சுற்றியிருந்த ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர வேண்டுமானால் முதலில் தெற்கே கொழும்புக்குப் போய், கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, திரும்ப வடக்கே பறக்க வேண்டியிருந்தது. 180 கிலோமீட்டருக்குப் பதில் சுமார் 800! சண்டை நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 சாலை திறந்திருக்குமா என்பதே நிச்சயமில்லை.

பலாலியைச் சர்வதேச விமான நிலையமாக 2019 அக்டோபரில் திறந்தார்கள். அடுத்த மாதமே சென்னைச் சேவை தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டது. திருச்சிக்கு நேரடி விமானம் 2025 மார்ச் கடைசியில்தான் வந்தது. குடியகல்வு, சுங்கம் எல்லாம் உண்டு. எனவே பறக்கும் நேரத்தைவிட விமான நிலையத்தில் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்காவது ஆகும். பலாலியிலிருந்து யாழ் நகருக்கு இன்னும் பதினாறு கிலோமீட்டர் சாலை வழி. எல்லாம் கூட்டினாலும் காலையில் கிளம்பினவர் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

டிக்கெட்டில் புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் அப்படியே கழித்துப் பார்க்கலாம். இரண்டு நாட்டுக் கடிகாரமும் இப்போது ஒன்றுதான். எப்போதும் இப்படி இருந்ததில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளிய இலங்கை, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட அந்த வருஷங்களில் கொழும்பில் பத்து மணிக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் பறந்தவர் திருச்சியில் இறங்கும்போது, இங்கே மணி பத்தரை.