கண்ணூர் பீடித் தொழிலாளர்கள் கண்ட வழி

(தொழிற்சங்க, கூட்டுறவு அரங்க ஊழியர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



இன்றைய வகுப்புக்கு எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு ‘சமூகப் புத்தாக்கம்’. அண்மைக் காலத்தில் இந்தச் சொல் மேலாண்மைக் கல்லூரிகளிலும் பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளிலும் மிகுதியாகப் புழங்குகிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் தமது மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அந்த 2 சதவீதம் எங்கே போயிற்று என்று பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது. மீதி 98 சதவீதம் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்று விளம்பரம் வருவதில்லை. அது போகட்டும். அவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக ஒரு சொல்லை நாம் கைவிட்டுவிட வேண்டியதில்லை. உழைப்பாளிகள் தங்கள் வாழ்வைத் தாங்களே மாற்றியமைத்த ஒரு நிகழ்வை, கேரளத்தின் கண்ணூரிலிருந்து, சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன்.

1966இல் நாடாளுமன்றம் பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர்களுக்கான பணி நிலைமைச் சட்டத்தை நிறைவேற்றியது. வேலை நேரம், சம்பளத்துடன் கூடிய விடுப்பு, பணியிடத்துக்கு உரிமம், வீட்டிலிருந்து பீடி சுற்றுபவரும் தொழிலாளிதான் என்ற அங்கீகாரம், இலை வழங்குவதிலும் பீடியைக் கழிப்பதிலும் எழும் தகராறுகளைத் தீர்க்க ஒரு வழி ஆகியவற்றை அச்சட்டம் அளித்தது. பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குக் ‘கழிவு’ என்ற சொல்லின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. நாள் முழுவதும் சுற்றிய கட்டிலிருந்து ஒரு பகுதியைத் ‘தரமில்லை’ என்று ஒதுக்கிவிட்டு, கூலி தராமலேயே அதையும் விற்றுக் காசாக்கும் கொள்ளை அது.

சட்டத்தை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநில அரசுகளிடம் இருந்தது. பல மாநிலங்கள் காலம் கடத்தின. கேரளத்தில் 1967இல் இரண்டாம் முறையாக முதலமைச்சரான தோழர் இ.எம்.எஸ். தலைமையிலான அரசு காலம் கடத்தவில்லை. உடனே முதலாளிகள் பதிலடி கொடுத்தார்கள். மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய பீடி நிறுவனங்கள் 1968 அக்டோபரில் கண்ணூர் வட்டாரக் கிளைகளை மூடின. ஏறத்தாழ 12,000 பேர் தெருவுக்கு வந்தனர். “உரிமை கேட்டாயல்லவா? இப்போது வேலையே இல்லை” என்பதே அந்தக் கதவடைப்பின் பொருள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள். போராடிப் பெற்ற சட்டமே வேலையைப் பறித்துவிட்டது என்று பட்டினியில் இருப்பவனின் காதில் ஓதினால், அது எவ்வளவு எளிதாக எடுபடும்! சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தி முதலாளிகளைத் திரும்ப அழைப்பது ஒரு வழி. நிவாரண அரிசி கொடுத்துக் காத்திருப்பது மற்றொன்று. தொழிற்சங்கங்களும் அரசும் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தன. அரசின் கடனுதவியோடு, தொழிலாளிகளே பங்குதாரர்களாக, கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. 1969 பிப்ரவரி 15 அன்று வேலை தொடங்கியது. அரசின் தொழில்துறை அதிகாரியான ஜி.கே. பணிக்கர் அதன் தலைவராகப் பொறுப்பேற்றார்.

பீடித் தொழிலுக்கு இயந்திரம் தேவையில்லை. கத்தரிக்கோல், முறம், நூல் ஆகியவை தொழிலாளியிடமே இருந்தன. அப்படியானால் முதலாளியின் பலம் எதில் இருந்தது? இலையும் புகையிலையும் வெளிமாநிலங்களிலிருந்து வர வேண்டும். அவற்றை மொத்தமாக வாங்கும் பணமும், சுற்றிய பீடியை விற்கும் சந்தையும் அவன் கையில் இருந்தன. எனவே ஊருக்கு ஒரு சிறு சங்கம் என்று சிதறியிருந்தால் வியாபாரிகள் ஒரே ஆண்டில் அவற்றை விழுங்கியிருப்பார்கள். கண்ணூர்த் தோழர்கள் இரண்டடுக்கு அமைப்பை ஏற்படுத்தினர். ஆரம்பச் சங்கங்கள் பீடியைச் சுற்றும். கச்சாப்பொருள் கொள்முதலையும் ஒரே முத்திரையின்கீழ் நடக்கும் விற்பனையையும் மத்தியச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அரசியல் உணர்வுள்ள தொழிலாளிகள் கடையில் தினேஷ் பீடியைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். அந்த ஆதரவு இல்லாமல் தொடக்க ஆண்டுகளைக் கடந்திருக்க முடியாது.

எந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்த முடியாது என்று முதலாளிகள் கூறினார்களோ, அந்தச் சட்டத்தை முழுமையாக மதித்துக்கொண்டே தினேஷ் வளர்ந்தது. பஞ்சப்படி, போனஸ், சேமநல நிதி, பணிக்கொடை, பேறுகால உதவி எல்லாம் கிடைத்தன. 1990களின் நடுவில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் உழைத்தனர். அங்கும் தொழிற்சங்கங்கள் கலைக்கப்படவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் நம்முடையது, எனவே கோரிக்கை எதற்கு என்று யாரும் கூறவில்லை.

இத்தனை பேர் நிர்வாகத்தைப் புரிந்துகொண்டு பேசும் ஆற்றலை எங்கே பெற்றார்கள்? மலபாரின் பீடிக் கொட்டகைகளில் பழங்காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் நடுவில் அமர்ந்து செய்தித்தாளையும் கதைகளையும் உரக்க வாசிப்பார். மற்றவர்கள் கை ஓயாமல் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். வாசித்தவருக்குக் கூலி குறையாமலிருக்க மற்றவர்கள் தங்கள் பீடியில் பங்கு கொடுப்பார்கள். நமது கிளைக் கூட்டங்களில் சுற்றறிக்கையை அவசரமாக வாசித்து முடிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கொட்டகைகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இனி கசப்பான பகுதி. பீடி உடலுக்குக் கேடு, அதைச் சுற்றுபவரின் நுரையீரலுக்கும் கேடு. நமது கூட்டுறவு என்பதற்காக இதை மறைத்துப் பேசும் உரிமை நமக்கில்லை. 1999 ஜூலையில் கேரள உயர்நீதிமன்றம் பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தது. புகைப்பழக்கம் குறைந்தது, குறைய வேண்டியதுதான். தினேஷ் சங்கம் 1990களின் இறுதியில் உணவுப் பொருள், குடை என்றும், பின்னர் ஆயத்த ஆடை, மென்பொருள் என்றும் மாற்றுத் தொழில்களில் இறங்கியது. அந்தத் துணிவைப் பாராட்டுகிறேன். ஆனால் பீடி தந்த அளவுக்கு வேலைகளை அவை தர இயலவில்லை. பத்தாண்டுகள் முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மாற்றத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பதும் எனக்குத் தெரியும்.

சரிவுக்கு இன்னொரு காரணம் நம்மைச் சுடுகிறது. தினேஷுடன் போட்டியிட்ட தனியார் பீடி மலிவாக இருந்தது. எப்படி மலிவானது? அண்டை மாநிலங்களில், ஒப்பந்தக்காரர்கள் வழியாக, வீட்டுத் திண்ணைகளில் பெண்களைக் குறைந்த கூலிக்குச் சுற்றவைத்ததால். தென்காசியிலும் நெல்லையிலும் சுளகை மடியில் வைத்துச் சுற்றும் நமது சகோதரிகளின் கூலி குறையக் குறைய, கண்ணூர்த் தொழிலாளியின் சங்கமும் தளர்ந்தது. கேரளத்தில் ஒரு கூட்டுறவு சட்டத்தை மதித்து நிற்க வேண்டுமானால், தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் அதே சட்டம் பீடிக்கடை வாசல்வரை வந்திருக்க வேண்டும். நாம் அதைப் போதிய அளவு செய்யவில்லை.

இப்போது அந்த 1966ஆம் ஆண்டுச் சட்டமும் தனியாக இல்லை. 2020இல் நிறைவேற்றப்பட்ட பணிப் பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டம் தன்னுள் கரைத்துக்கொண்ட 13 சட்டங்களில் அதுவும் ஒன்று. பீடித் தொழிலாளர் மருத்துவமனைகளுக்கும், வீட்டு வசதிக்கும், பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் நிதி தந்த தீர்வை, ஜிஎஸ்டி வந்த 2017இலேயே நீக்கப்பட்டது. கூட்டுறவு வைத்தால் போதும், சட்டப் போராட்டம் பிறகு பார்க்கலாம் என்று கூறும் தோழர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். 1968இல் சட்டம் முதலில் வந்தது. கூட்டுறவு அதன் தொடர்ச்சியாகவே பிறந்தது.

பீடி குறையும் காலத்தில் அந்தப் பெண்களுக்கு என்ன வேலை என்ற கேள்வியும் நம் முன் நிற்கிறது. அதற்கு ஆயத்த விடை என்னிடம் இல்லை. முதலில் நிலைமை தெரிய வேண்டும். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்குச் சேமநல நிதிக் கணக்கு இருக்கிறது, ஆயிரம் பீடிக்கு உண்மையில் கையில் வரும் கூலி எவ்வளவு, எத்தனை பீடியைக் கழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுங்கள். அடுத்த மாத வகுப்புக்கு அந்தத் தாள்களோடு வாருங்கள். அதன் மேல் பேசுவோம்.