காத்திருப்போர் வரிசையும் நம் கடமையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மாணவர் கடமை பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். பொதுவாகப் பேசுவதிலும், சென்ற மாதம் ஒரு தாயார் கேட்ட கேள்விக்கு இச் சபையிலே விடை கூறுவது பயன் தரும் என எண்ணுகின்றேன். அவருடைய மகன் இங்குள்ள வைத்திய பீடம் ஒன்றிற் சேர்ந்து இரண்டு வாரம் படித்துவிட்டான். அப்பொழுது, காத்திருப்போர் வரிசையில் அவன் பெயரை வைத்திருந்த வெளிநாட்டுக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. "சேர்ந்த இடத்தை விட்டுப் போவது பாவமா, ஐயா?" என்று அத் தாயார் கேட்டார்.

பாவம் அன்று. ஆயினும், போகுமுன் தான் விட்டுச் செல்லும் இடம் எத்தகையது என்பதை அவன் அறிதல் வேண்டும். 1870இல் கொழும்பிலே தொடங்கிய ஒரு வைத்தியக் கல்லூரியே நெடுங்காலம் இந் நாட்டுக்கு இருந்தது. 1962இல் பேராதனையிலும் 1978இல் யாழ்ப்பாணத்திலும் வைத்திய பீடங்கள் தோன்றின. பின்னர் வேறும் சில வந்தன. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. இஸட் புள்ளியின் மிகச் சிறு பின்னத்தால் இடம் இழந்தோர் உளர். ஒருவர் விலகினால் வரிசையில் அடுத்தவர் அழைக்கப்படுவர். ஆனால் வெற்றிடம் நிரப்புதற்கு ஒரு காலவரையறை உண்டு. அது கடந்தால் அந்த இடம் எவருக்கும் பயன்படாது.

இதனை நான் ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. என் வாலிபத்திலே, இங்கு வகுப்புத் தொடங்கிய மூன்றாம் வாரத்தில் எனக்கும் கடல் கடந்த கல்லூரியிலிருந்து தந்தி வந்தது. அன்றிரவே பெட்டியைக் கட்டினேன். உடற்கூற்றுச் சாலையில் ஒரே மேசையைச் சுற்றி நின்ற தோழரிடங்கூட விடைபெறவில்லை. பதிவாளருக்கு ஒரு வரி எழுத எனக்கு நாற்பது நாள் சென்றது. அங்கே பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்ற கள்ள எண்ணமும் உள்ளே இருந்தது. என் கடிதம் சேர்ந்தபொழுது காலங் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. அவ்வாண்டு என் இடம் வெறுமையாகவே கிடந்தது. அடுத்த பெயருக்குரியவர் எவரென எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

ஆதலால், வாலிப அன்பர்களே, சில சொல்வேன். முதலாவது, போகத்தான் வேண்டுமா என்று ஆராயுங்கள். கல்லூரியின் பெயரை நோயாளி கேட்பதில்லை. வெளிநாட்டிற் கற்றுத் திரும்புவோர், தம் கல்லூரி இலங்கை மருத்துவச் சபையின் அங்கீகாரம் பெற்றதாயின், இங்கே தொழில் செய்தற்குப் பதிவுப் பரீட்சை ஒன்றில் தேறவும் வேண்டும். இவற்றைப் பெற்றோருடன் இருந்து கணக்குப் பாருங்கள். இரண்டாவது, வாய்ச்சொல்லை நம்பி இருக்கும் இடத்தை விடாதீர்கள். எழுத்திலான அனுமதி கைக்கு வரட்டும். மூன்றாவது, வந்தபின் ஒருநாளுந் தாமதியாதீர்கள். விலகற் கடிதத்தைப் பதிவாளரிடம் நேரிற் கொடுத்துப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். நூலகப் புத்தகம், விடுதிக் கணக்கு, பெற்ற உதவிப்பணம் யாவற்றையும் தீர்த்துவிடுங்கள். ஆசிரியரை வணங்கி விடைபெறுங்கள். போவதில்லை என்று முடிவு செய்தாலும் அன்றே அக் கல்லூரிக்கு எழுதுங்கள்; அங்கும் ஒருவர் காத்திருக்கின்றார்.

1945இல் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, ஏழை உழவனும் தோட்டத் தொழிலாளியும் செலுத்தும் வரியால் நடப்பது. அதில் நமக்குக் கிடைக்கும் இடம் நம் சொத்தன்று. கோயிலிலே முன்னே நின்று தரிசித்தவர் பின்னே நிற்பவருக்கு வழிவிட்டு விலகுகின்றார் அல்லவா? அவ்வளவே இதுவும்.

அத் தாயாருக்கு நான் சொன்னது: "போகட்டும், அம்மா. ஆனால் இன்றைக்கே கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போகட்டும்." மறுநாட் காலை கொடுத்துவிட்டதாகச் செய்தி வந்தது. அன்று என் மனம் சற்று ஆறியது.