கரிசல் மண்ணின் கதையைக் கரிசல் மண்ணே சொல்லட்டும்

(வெம்பக்கோட்டையில், படக்கலை பயிலும் இளைஞரிடையே ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூரின் மேட்டுக்காட்டில், வைப்பாற்றின் கரையில், 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் தமிழக அரசின் தொல்லியல் துறையினர் மண்ணை அகழத் தொடங்கினர். சங்கு வளையல்கள் கிடைத்தன. கண்ணாடி மணிகள் கிடைத்தன. சுடுமண் பொருள்கள் கிடைத்தன. செய்த பொருள் இருக்கிறது. செய்தவன் பெயர் இல்லை. அவன் என்ன பேசினான், எதற்கு அழுதான், எதற்குச் சிரித்தான் என்று சொல்ல எவரும் எஞ்சவில்லை.

இன்றைய வெம்பக்கோட்டைக்கும் அந்நிலை வரலாமா? இதுவே இன்றைய கேள்வி.

1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கொல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலைச் சிவகாசியில் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் நிலத்திற்கு அது சோறு போட்டது. வெடித்தொழில் வளர்ந்தது. 'குட்டிச் சப்பான்' என்று பட்டம் சூட்டினர். உழைத்தவன் தமிழன், பட்டமோ பிறநாட்டான் பெயரில்! அப்பட்டத்தின் நிழலில் பிள்ளைகளின் பிஞ்சு விரல்கள் கட்டை அடுக்கின, குழல் உருட்டின, திரி செருகின.

அப்பிள்ளைகளைப் படமெடுத்து உலகுக்குக் காட்டியவர் யார்? 1990-இல் வெளிவந்த 'குட்டிச் சப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படத்தை இயக்கியவர் பெங்களூரைச் சேர்ந்த சலம் பென்னூர்க்கர். கன்னட நாட்டவர் ஒருவர் நம் தெருவுக்கு வந்து, நம் பிள்ளைகளின் வாய்மொழியைத் தமிழிலேயே பதிந்தார். அப்படம் வெளிநாட்டுப் பட விழாக்களிலும் காட்டப்பெற்றது. 1996-இல் உச்ச நயன்மன்றம் சிவகாசிச் சிறார் உழைப்புப் பற்றிய வழக்கில் தீர்ப்பளித்து, சிறாரை வேலைக்கு வைத்தவர் சிறார் ஒருவருக்கு 20,000 உருபா வீதம் நல்வாழ்வு நிதிக்குச் செலுத்தவேண்டும் என்றது. படம்தான் தீர்ப்பைத் தந்தது என்று சொல்வது மிகை. ஆயினும் மறைக்கப்பட்ட உண்மைக்குப் படமும் ஒரு சான்றாக நின்றது. அம்முயற்சிக்கு நாம் நன்றி உடையோம். அதே வேளை, நம் துயரை நாமே சொல்லாமற்போனது ஏன் என்று நாணவும் கடமைப்பட்டுள்ளோம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடி நேர்ச்சி. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் வெடி நேர்ச்சி. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தித்தாள்கள் எண்ணிக்கையை அச்சிட்டன. மறுவாரம் எண்ணிக்கையும் மறந்துபோயிற்று. எண்ணுக்கு முகம் தருவது எது? கலை. அக்கலை இன்று கைப்பேசியளவில் உங்கள் சட்டைப் பைக்குள் வந்திருக்கிறது. கருவி உண்டு, கண் உண்டு, களம் உண்டு. காட்டுவதற்கு இடம்?

அவ்விடம்தான் தனிமுயற்சிப் பட விழா. பெரு முதலீட்டாரின் திரையரங்கு தராத இடத்தை அது தருகிறது. தொலைவில் தேட வேண்டா. மதுரையிலே 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழா நடந்து வருகிறது. அமுதனும் 'மறுபக்கம்' அமைப்பினரும் அதனை நடத்தி வருகின்றனர். இங்கிருந்து பேருந்தேறினால் சென்றடையும் தொலைவே!

ஓர் எடுத்துக்காட்டு. மேலூர்ப் பக்கத்து இளைஞர் வினோத்துராசு. சிறு அகவையிலேயே மதுரைப் பூச்சந்தையிலும் திருப்பூர் ஆடைத் தொழிற்கூடங்களிலும் உழைத்தவர். தம் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துயரையே கருவாகக் கொண்டு, வெயிலில் நடக்கும் தந்தையையும் மகனையும் படமாக்கினார். 'கூழாங்கல்' என்னும் அப்படம் 2021-இல் நெதர்லாந்தின் உரோட்டர்டாம் பட விழாவில் முதன்மைப் பரிசாகிய புலிப் பரிசை வென்றது. அப்பரிசை வென்ற முதல் தமிழ்ப்படம் அது. பெயரில் பிறமொழி இல்லை. பேச்சில் பூச்சு இல்லை. வறண்ட நிலத்தின் தமிழ், வறண்ட நிலத்தின் தமிழாகவே கடல் கடந்தது. பிறமொழிச் சொல்லைத் தலையில் சூட்டினால்தான் பிறநாட்டார் மதிப்பர் என்போர் இதற்கு என்ன விடை சொல்வர்?

இம்மாவட்டத்து மகாராசபுரத்தில் பிறந்த இலீனா மணிமேகலையின் 'மாடத்தி' 2019-இல் கொரிய நாட்டுப் பூசான் விழாவில் காட்டப்பெற்றது. அவர்தம் 'செங்கடல்' படத்திற்கு 2011-இல் தணிக்கை வாரியம் சான்று மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சென்று போராடிப் பெற்றார். அத்தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இன்று உயர்நயன்மன்றமே செல்ல வேண்டும். விழாக்களில் காட்டும் படங்களுக்குச் சான்றிலிருந்து விலக்களிக்க 1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு நடுவணரசுக்கு இடந்தருகிறது. அவ்விலக்கும் தில்லியின் கையில்தான் என்பதை மறவாதீர்! மும்பை அரசு விழாவில் தங்கள் படங்கள் ஒதுக்கப்பட்டபோது, ஆவணப்படக் கலைஞர்கள் 2004-இல் அருகிலேயே 'விகல்ப்' என்னும் மாற்று விழாவைக் கூட்டிக் காட்டினர். கதவடைத்தால் கைகட்டி நிற்காமல் வேறு கதவு திறப்பதே வீரம்.

இனி, படம் விடுக்கும் முறை. விழாவின் விதிகளை முழுதும் படியுங்கள். இறுதி நாள், படத்தின் நீள எல்லை, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டணம் கேட்கும் விழாவெல்லாம் நல்விழா ஆகா. பரிசை விலைக்கு விற்போரும் உளர். முன்னாண்டுகளில் அங்கே எப்படங்கள் காட்டப்பட்டன என்று பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள். வேறெங்கும் காட்டாத படத்தையே சில விழாக்கள் ஏற்கும். ஆதலால் முதற்காட்சி எங்கே என்பதை எண்ணித் துணியுங்கள். பிறர் பாட்டை இசைவின்றிச் சேர்க்காதீர்கள்.

படத்தின் பெயர் தமிழாகவே இருக்கட்டும். அயலார்க்காக அடியில் ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைச் செம்மையாகச் செய்யுங்கள். அதற்காகப் பேச்சைத் திருத்தாதீர்கள். கி. இராசநாராயணன் 1982-இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். ஏட்டிலே சொல்லைக் காத்தார் அவர். சொல்லின் ஒலியைக் காப்பது உங்கள் பணி. தீப்பெட்டி ஒட்டும் தாய் வேலைக்கிடையே பேசும் பேச்சு, எந்த அகராதியிலும் இல்லாத செல்வம்.

விழாவுக்குச் சென்றால் உங்கள் படம் முடிந்ததும் எழுந்து வந்துவிடாதீர்கள். பிறர் படங்களை இருந்து பாருங்கள். ஒரியனும் வங்கனும் ஈழத்தவனும் தன் ஊரை எப்படிக் கண்டான் என்று கற்றுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டால் தயங்காமல் தமிழில் விடை சொல்லுங்கள். மொழிபெயர்க்க ஒருவர் கிடைப்பார்.

இறுதியாக ஒன்று. "தொழிலைக் குறைசொல்லிப் படமெடுத்தால் ஊர்ச்சோற்றில் மண் விழாதா?" என்று உங்கள் வீட்டாரே கேட்பர். அது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. அடுப்பெரிய வேண்டிய வீட்டின் கேள்வி. தொழிலாளியின் முகத்தைக் காட்டுமுன் அவரிடம் இசைவு கேளுங்கள். அவர் வேலை போகுமென்றால் முகத்தை மறையுங்கள். ஆனால் உண்மையை மறைக்காதீர்கள். உழைப்பின் பெருமையையும் காட்டுங்கள். உயிரின் விலையையும் காட்டுங்கள். வெடிக்கூடம் பாதுகாப்பானதாக வேண்டும் என்று கேட்பவன் தொழிலின் பகைவன் அல்லன், தொழிலாளியின் உடன்பிறப்பு.

உரோட்டர்டாம் போற்றிய 'கூழாங்கல்' தமிழ்நாட்டு மக்களுக்கு 2023-இல் இணையவழியேதான் வந்துசேர்ந்தது. அந்நிலை மாற, அயலூர் விழாவுக்குப் படம் விடுத்தால் மட்டும் போதாது. இங்கேயே, ஒரு பள்ளி வளாகத்தில், ஒரு வெண்துணி கட்டி, உங்கள் படத்தை உங்கள் ஊருக்கு முதலில் காட்டுங்கள். படத்தில் வரும் தாய் முன்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும். பிழையிருந்தால் அவரே சொல்லட்டும். அதைக் காட்டிலும் உயர்ந்த நடுவர் குழு எங்கும் இல்லை.

சங்கு வளையல் செய்தவன் பெயரை மண் விழுங்கிவிட்டது. திரி செருகும் பெண்ணின் பெயரை மறதி விழுங்கவிடாதீர்கள்.

எழுக இளைஞரே! வெல்க தமிழ்!